விண்வெளிக்கு ஒரு 555 புத்தகம்

சென்ற மாதம் விடுகதைகளைப் பற்றி எழுதிவிட்டு, இந்த மாதம் பழமொழிகளுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். பழமொழி எங்கும் ஓடிவிடாது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். இந்த மாதம் என் வீட்டு வாசலுக்கே வந்து நின்ற ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மாலை. மழை வருவதற்குள் கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டிருந்தேன். "டீச்சர்!" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் நான்கு பேர். மூன்று பேர் எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள். நான்காவது பையன் ஈப்போவிலிருந்து வந்த மாமா மகன். புதுச் சட்டை, மூக்குக் கண்ணாடி. ஒருவன் கையில் ஒரு 555 புத்தகம்.

555 புத்தகம் என்றால் நம்மவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அரிசியும் மண்ணெண்ணெயும் கடனுக்கு வாங்கிய காலத்தில் கடைக்காரர் கணக்கெழுதிய அதே சின்னப் புத்தகம்தான். என் அப்பா சம்பளத்தன்று அதை விரித்துப் பார்க்கும்போது அவர் முகம் போகும் போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால் அந்தப் புத்தகத்தைக் கண்டதும், யாருக்கோ கடன் போலிருக்கிறது, நன்கொடை கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

"டீச்சர், நாங்க ஒரு கலைக்களஞ்சியம் செய்யப் போறோம். நீங்கதான் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுக்கணும்."

அடேயப்பா! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கலைக்களஞ்சியம் என்ற சொல்லை நான்தான் ஐந்தாம் ஆண்டில் சொல்லிக் கொடுத்தேன். "எதைப் பற்றியப்பா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"கேம், டீச்சர்."

துணி மூட்டையோடு உள்ளே போய்விடலாமா என்று தோன்றியது. படிக்கிற பிள்ளைகள் பொத்தானை அழுத்தி அழுத்திக் கண்ணைக் கெடுத்துக்கொள்வது போதாதென்று, அதற்குக் களஞ்சியம் வேறா? வாய் வரை வந்த ஏச்சை நிறுத்தியது அந்தப் புத்தகந்தான். அதைக் கையில் வைத்திருந்தவன் யார் தெரியுமா? நான்காம் ஆண்டு வரை ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறித்தான் வாசிப்பான். கட்டுரை எழுதச் சொன்னால் தலைப்பை எழுதிவிட்டு ஜன்னலைப் பார்ப்பான். பாட்டியோடு தோட்டத்தில் இருக்கிறான். அம்மாவுக்குப் பட்டணத்தில் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. அவன் நாற்பது பக்கம் எழுதியிருந்தான். தமிழில்.

ஒரு பக்கத்தைப் புரட்டினேன். ஆறு கால் உள்ள ஒரு பிராணி. இரவில்தான் நடக்கும். மேலே சாம்பல், வயிற்றில் மஞ்சள். ஆளைக் கண்டால் ஓடாது, ஆனால் சுட்டால் கூட்டமாக வரும். ல, ள, ழ எல்லாம் இடம் மாறிக் கிடந்தன, அது கிடக்கட்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி: "இது நான் பார்த்தது." சில பக்கங்களில்: "இது மாமா மகன் சொன்னது, நான் பார்க்கலை." என்னைக் கேட்டால், கலைக்களஞ்சியம் எழுதுகிறவனுக்கு வேண்டிய முதல் புத்தி அதுதான். யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே அவனுக்கு அது வந்திருந்தது.

துணியை நாற்காலியில் போட்டுவிட்டு, "உள்ளே வாங்க, மைலோ கலக்குறேன்" என்றேன்.

அந்த விளையாட்டின் பெயர் 'நோ மேன்ஸ் ஸ்கை'. யாருக்கும் சொந்தமில்லாத வானம் என்று பொருள் சொல்லலாம். ஒரு துண்டு நிலத்துக்குக் கிராண்டு கேட்டு ஆபீசு ஆபீசாக நடந்த நம்மவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு என்ற ஊரிலுள்ள ஹலோ கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2016 ஆகஸ்டில் இதை வெளியிட்டது. விளையாடுகிறவர் ஒரு கப்பலில் ஏறிக் கோளுக்குக் கோள் போகலாம். இறங்கி நடக்கலாம். அங்குள்ள செடி, கல், பிராணி எல்லாவற்றையும் பார்த்துப் பதியலாம். முதலில் கண்டவர் பெயர் வைக்கலாம்.

"எத்தனை கோள் இருக்கு?" என்று கேட்டேன். பத்து, இருபது என்பான் என்று நினைத்தேன். கண்ணாடிக்காரன் தாளில் எழுதிக் காட்டினான்: 18,446,744,073,709,551,616. நம் கணக்கில் சொன்னால் 1,84,467 கோடி கோடிக்குச் சற்று மேல். விநாடிக்கு ஒன்று வீதம் எட்டிப் பார்த்தாலும், முடிக்க ஏறக்குறைய 58,000 கோடி ஆண்டுகள் ஆகும்.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய சிநேகிதனைச் சந்தித்தது போல இருந்தது. சதுரங்கம் கண்டுபிடித்தவன் அரசனிடம் தானியம் கேட்ட கதை உங்களுக்குத் தெரியுமல்லவா? முதல் கட்டத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டங்களுக்கும் இரட்டித்துக்கொண்டே போகவேண்டும். அரசனின் களஞ்சியம் காலியாகும். அந்த மொத்தத் தானியத்தோடு ஒரே ஒரு மணியைச் சேர்த்தால் இந்தக் கோள்களின் எண்ணிக்கை! இரண்டை 64 முறை பெருக்கினால் வருவது அதுதான். பிள்ளைகளுக்குப் பலகையில் போட்டுக் காட்டினேன். விளையாட்டுக்காரர்கள் இத்தனை கோளையும் உட்கார்ந்து வரையவில்லை. ஒரு கணக்கு விதியை எழுதி வைத்திருக்கிறார்கள். யார் எந்தக் கோளுக்குப் போனாலும் அந்த விதி அந்த நேரத்தில் அதை உண்டாக்கித் தருகிறது. அதனால் படைத்தவர்களே பார்க்காத கோள்கள்தான் அதில் மிகுதி.

இங்கேதான் களஞ்சியத்துக்கு வேலை வருகிறது. படைத்தவனுக்கே தெரியாத உலகத்தைப் பார்த்தவர்தானே எழுதி வைக்கவேண்டும்? உலகெங்கும் இதை விளையாடுகிறவர்கள் ஆங்கிலத்தில் அப்படித்தான் செய்து வருகிறார்கள். ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துக் கூட்டமாகக் குடியேறி, கோள் கோளாகப் பட்டியல் போடுகிறார்கள். இது புதுமையும் அல்ல. 'ஸ்டார் டிரெக்' தொடரின் ரசிகர்கள் 2003-இல் 'மெமரி ஆல்பா' என்ற களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்கள் 2005-இல் 'வூக்கிபீடியா'வைத் தொடங்கினார்கள். பொதுக் கலைக்களஞ்சியத்தில் இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று மற்றவர்கள் முகம் சுளித்ததும் அவர்கள் தனிக்குடித்தனம் போனதற்கு ஒரு காரணம்.

இல்லாத உலகத்துக்கு அகராதி போடுவது வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். நான் மக்தாப்பில் பயிற்சி பெற்ற காலத்தில், நூலகத்தின் மூலையில் தலையணை பருமனில் ஒரு நூல் இருந்தது. அபிதான சிந்தாமணி. தேவர், அசுரர், முனிவர், மன்னர், புலவர், மலை, ஆறு, மூலிகை என்று புராண உலகத்தையும் நம் உலகத்தையும் ஒன்றாகச் சேர்த்து அகர வரிசையில் அடுக்கிய நூல். ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் ஒவ்வொருவரையும் பிரித்துக் காட்டும். எழுதியவர் ஆ. சிங்காரவேலு முதலியார். சென்னைப் பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியர். ஆம், நம்மைப் போல் ஒரு பள்ளி ஆசிரியர்! தனியொருவராக ஆண்டுக்கணக்கில் சேர்த்தார். அச்சிடப் பணமில்லாமல் பலரிடம் போனார். கடைசியில் பாண்டித்துரைத் தேவர் கைகொடுக்க, 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். அதன் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை, சேர்த்துக்கொண்டே இருந்தார். 1931-இல் அவர் காலமாக, பெருகிய இரண்டாம் பதிப்பு 1934-இல்தான் வந்தது. அவருக்கும் முன்னால், யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப் பிள்ளை 1902-இல் அபிதான கோசம் வெளியிட்டிருந்தார்.

இவற்றைச் சொன்னபோது ஆறுகால் பிராணிக்காரன் கேட்டான்: "ஒரே ஆளா, டீச்சர்?"

"ஒரே ஆள்."

"நாங்க நாலு பேர்" என்றான். அந்தத் தைரியத்தைப் பாருங்களேன்!

அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். அதற்கடுத்ததும் வந்தார்கள். எழுதுவதற்கு முன் திட்டம் போடவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சென்னையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியம் தொடங்கிய கதையைச் சொன்னேன். 1947-இல் தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார் முயற்சியில் பேச்சுத் தொடங்கியது. முதல் தொகுதி 1954-இல்தான் வெளிவந்தது. நடுவில் ஏழு வருஷம். என்னென்ன தலைப்பு, யார் எழுதுவது, இந்த விஞ்ஞானச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று உட்கார்ந்து பேசிப் பேசியே வளர்ந்த வேலை அது. பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியர். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். ஒன்பது தொகுதிகளும், 1968-இல் ஓர் இணைப்புத் தொகுதியுமாக அது நிறைவுற்றது. "ஏழு வருஷமா? அதுக்குள்ள நான் வேலைக்கே போயிடுவேன்" என்றான் கண்ணாடிக்காரன். சரி, ஏழு வாரம் என்று பேரம் முடிந்தது.

முதல் வாரமே சொற்சண்டை. விண்வெளியில் பறப்பது விண்கலமா, கப்பலா? பாடநூலில் விண்கலம் என்று இருக்கிறது என்றாள் கூட வந்த பெண். பாட்டி கப்பல் என்றுதான் சொல்லும் என்றான் பையன். அவனுடைய பாட்டியின் அம்மா 'ரஜூலா'வில் வந்தவராம். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையில் 1970-களின் தொடக்கம் வரை ஓடிய அந்தக் கப்பலைத் தெரியாத குடும்பம் நம்மில் எது? தெரியாத ஊருக்கு ஆளைக் கொண்டுபோய் இறக்குவது கப்பல்தான் என்று தீர்ப்பாயிற்று. எனக்கும் அதில் சம்மதமே.

கோள்களைக் காக்கும் இயந்திரங்கள் உண்டு. கல்லையும் கனிமத்தையும் அளவுக்கு மீறி வெட்டினால் பறந்து வந்து தாக்கும். ஆங்கிலப் பெயருக்கு நான் 'காவற்பொறி' என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஜாகான்னு வச்சிருக்கோம், டீச்சர்" என்றார்கள். ஜாகா மலாய்ச் சொல்லாயிற்றே என்று இழுத்தேன். பிறகு யோசித்தேன். தோட்டத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் நிற்பவரை நாம் யாரும் காவற்காரர் என்று கூப்பிடுவதில்லையே! ஜாகா நிலைத்தது. குள்ளமாக, அலகு வைத்த வியாபாரி இனம் ஒன்று இருக்கிறது. அதைத் தவுக்கே என்று எழுதியிருந்தார்கள். அதை மட்டும் அடித்தேன். விளையாட்டில் அந்த இனத்துக்குக் 'கெக்' என்று சொந்தப் பெயர் இருக்கிறது. ஓர் இனத்தின் பெயரை நம் வசதிக்கு மாற்றினால், பிறகு யார் நம் பெயரைச் சரியாகச் சொல்வார்கள்?

அந்த இனங்களின் பாஷை நமக்குத் தெரியாது. ஒருவரைச் சந்திக்கும்போது ஒரு சொல், ஒரு கல்லைத் தொட்டால் ஒரு சொல் என்று ஒவ்வொன்றாகத்தான் வரும். ஆரம்பத்தில் எதிரே நிற்பவன் பேசுவது எதுவுமே புரியாது. ஒரு சொல் விளங்கும், மற்ற பத்தும் இரைச்சல். இதை எழுதச் சொன்னபோது பையன் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். "படிவம் ஒன்றுக்குப் போனப்ப எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, டீச்சர்" என்றான். "சார் ஏதோ கேட்பாரு. அதுல ஒரு சொல்லுதான் தெரியும். அத வச்சு ஆமான்னு சொல்றதா, இல்லன்னு சொல்றதா?"

நான் பதில் சொல்லவில்லை. அந்த ஆண்டு அவன் பள்ளிக்குப் போன நாள் குறைவு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதெல்லாம் நடக்கும்போது அந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். அவள் வீட்டில் விளையாட்டுப் பெட்டி கிடையாது. வீட்டுக்கு ஒரே கைப்பேசி. அதுவும் அம்மா வேலைக்கு எடுத்துப்போவது. ஒரு கோளைக்கூட அவள் கண்டதில்லை. பையன்கள் அவளைப் பிரதி எடுக்கத்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் பிரதி எடுக்கும்போது அவள் கேட்கத் தொடங்கினாள். "பெருசுன்னா எவ்வளவு பெருசு? நம்ம பள்ளிக்கூட மண்டபம் அளவா, மாடு அளவா?" "கடல் சூடா இருக்குன்னு எழுதியிருக்க. எப்படித் தெரியும், தொட்டியா?" பார்த்தவனுக்குத் தான் எதைச் சொல்லாமல் விட்டோம் என்பது தெரியாது. பார்க்காதவளுக்குத்தான் அது தெரியும். மூன்றாம் வாரத்தில் அவளைப் பதிப்பாசிரியர் ஆக்கினேன். கண்ணாடிக்காரனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பெட்டி அவனுடையதாயிற்றே!

அவள் கேள்வியால் ஒரு வேடிக்கை நடந்தது. தலையின் இரண்டு பக்கமும் பை தொங்கும் ஒரு பிராணியைப் பற்றிப் பையன் "காண்டா வாளி தூக்குற ஆள் மாதிரி" என்று எழுதியிருந்தான். அழகான உவமை. ஆனால் ஈப்போக்காரனுக்குக் காண்டா என்றால் என்னவென்றே தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் சரியாகத் தெரியவில்லை. இப்போது எங்கள் பக்கத்தில் பால் மரம் எங்கே இருக்கிறது? கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனைதான். "விளக்கத்துல வர்ற சொல்லுக்கும் விளக்கம் இருக்கணும்" என்று அவள் சட்டம் போட்டாள். எனவே பாட்டியிடம் போனார்கள். தோளில் குறுக்கே வைக்கும் கம்பு, இரண்டு முனையிலும் பால் வாளி, மேட்டிலிருந்து இறங்கும்போது பால் தளும்பாமல் இருக்க மேலே ஓர் இலையைப் போடுவது, எல்லாவற்றையும் பாட்டி சொல்லியிருக்கிறார். அப்படியாக விண்வெளிக் களஞ்சியத்தில் 'கா' எழுத்தில், கார்பன் என்னும் தனிமத்துக்கு முன்னால் காண்டா உட்கார்ந்துவிட்டது. அதன் வால் பிடித்து மங்கு, உளி, நிரை, பெரட்டு எல்லாம் வந்தன. மங்கு எதற்கு வந்தது என்றால், ஒரு கோளில் உள்ள பூ மங்கைக் கவிழ்த்தது போல இருக்குமாம்.

இனி உண்மை பற்றிய சண்டைக்கு வருகிறேன். இதுதான் எங்களை அதிக நாள் அலைக்கழித்தது.

அந்த விளையாட்டு நின்ற இடத்தில் நிற்பதல்ல. நிறுவனம் அவ்வப்போது புதுப்பிக்கிறது. 2018 ஜூலையில் வந்த பெரிய புதுப்பிப்பில் பல கோள்களின் நிலமே மாறிப்போனது. பலர் பாடுபட்டுக் கட்டிய வீடுகள் இருந்த இடம் தெரியவில்லை. அதன் பின்னும் மாற்றங்கள் வந்தபடிதான் இருக்கின்றன. பையன் எழுதியிருந்த ஒரு பச்சைப் புல்வெளிக் கோள், ஒரு புதுப்பிப்புக்குப் பின் போய்ப் பார்த்தால் வேறு மாதிரி. புல் இல்லை. அவன் பார்த்த பிராணியும் இல்லை.

"அப்ப அந்தப் பக்கத்தை அடிச்சிடலாம்" என்றான் கண்ணாடிக்காரன். "இப்ப இல்லாததை எதுக்கு எழுதணும்? படிக்கிறவன் போய்ப் பார்த்தா ஏமாந்து போவான்."

சொன்னதில் நியாயம் உண்டு. 'மெமரி ஆல்பா'க்காரர்கள்கூட, திரையில் வந்ததைத் தவிர நாவலில் வந்த கதையை மெய்க்கதையாக எடுப்பதில்லை. அதற்கு வேறு களஞ்சியம் இருக்கிறது. 'ஸ்டார் வார்ஸ்' உரிமையாளர்கள் 2014-இல் பழைய நாவல்களை எல்லாம் அதிகாரபூர்வமான கதையிலிருந்து விலக்கி 'லெஜண்ட்ஸ்' என்று பெயரிட்டபோது, 'வூக்கிபீடியா'க்காரர்கள் எதையும் கிழித்துப் போடவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு பக்கம் வைத்தார்கள். ஒன்று புதுக் கதை, மற்றொன்று பழங்கதை. இதைச் சொல்லிவிட்டு, நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிட்டேன்.

பையன் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "அடிக்க மாட்டேன். அது இருந்துச்சு. நான் பார்த்தேன்" என்றான்.

அவனுடைய பாட்டி பிறந்த தோட்டம் இப்போது கிடையாது. எங்களுக்கெல்லாம் நாலாங்கட்டை என்றால்தான் தெரியும். கம்பெனி வைத்த பெயர் வேறு. லயம், கோயில், ஆயாக்கொட்டகை எல்லாம் போய், வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. பாட்டியைக் கூட்டிப்போய் எங்கே உங்கள் வீடு என்று கேட்டால் ஒரு கார் நிறுத்துமிடத்தைக் காட்டுவார். இதை அவன் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

கடைசியில் அந்தப் பெண்தான் வழி சொன்னாள். பக்கத்தை அடிக்கவேண்டாம். மேலே பார்த்த தேதி. கீழே, மாறிய தேதி. நடுவில் உள்ளதைத் தொடக்கூடாது. 'இருக்கிறது' என்று எழுதிய இடத்தில் மட்டும் 'இருந்தது' என்று திருத்தவேண்டும். இலக்கணத்தில் இறந்தகாலம் எதற்கு என்று ஆறு வருஷம் நான் சொல்லிக் கொடுத்ததைவிட, அன்றைக்கு அவர்களுக்கு அது நன்றாக விளங்கியது.

எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. இணையத்தில் இலவசமாக இடம் தருகிறார்கள், இன்றே ஏற்றிவிடலாம் என்றான் ஈப்போக்காரன். இலவசம் என்றால் நான் இரண்டு முறை பார்ப்பேன். 'மைன்கிராஃப்ட்' விளையாட்டின் ரசிகர்கள் 2009 முதல் ஒரு களஞ்சியம் வளர்த்தார்கள். அது ஒரு பெரிய நிறுவனத்தின் தளத்தில் இருந்தது. விளம்பரம் பெருகியது, எழுதியவர்கள் சொல் அங்கே எடுபடவில்லை. 2023-இல் அவர்கள் பக்கங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனார்கள். எழுத்தை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் எழுதியிருந்ததால் கொண்டுபோக முடிந்தது. பழைய பிரதியும் அங்கேயே இருக்கிறது, ஆட்கள்தான் போய்விட்டார்கள். ஆகையால் எங்கள் ஏற்பாடு இப்படி: தடித்த அட்டைப் புத்தகம் ஒன்று என் அலமாரியில், தட்டச்சு செய்த பிரதி ஈப்போவில், மூல 555 பையனிடம். விளையாட்டின் படங்களையும் அதிலுள்ள வாசகங்களையும் எடுத்து ஒட்டக்கூடாது. அவை நிறுவனத்தின் சொத்து. நம் வாக்கியம், நம் பையன்கள் வரைந்த படம். நான்காமவன் நன்றாக வரைகிறான் என்பதைச் சொல்ல மறந்தேனே! அவன் பேசுவதே இல்லை, அதனால்தான் மறந்துவிட்டது.

இவ்வளவு தூரம் வந்தபின் தமிழ் விக்கிப்பீடியாவைக் காட்டாமல் இருக்கலாமா? அதுவும் 2003-இல் தொடங்கியதுதான். யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், அபுதாபியில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் கட்டுரை கட்டுரையாக எழுதி வளர்த்தார். ஆரம்பத்தில் துணைக்கு ஆளே இல்லை என்று சொல்லலாம். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். 2017-இல் அது ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அவருக்குக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கொடுத்தது. நம் ஈப்போவிலிருந்தே மலாக்கா முத்துகிருஷ்ணன் மலேசியாவைப் பற்றி அதில் ஏராளமாக எழுதியிருக்கிறார் என்றதும் ஈப்போக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தக் களஞ்சியத்தில் யார் என்ன மாற்றினார்கள் என்பது பக்கத்தின் பின்னாலேயே பதிவாகி நிற்கும். நாங்கள் அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தோம்: ஆளுக்கு ஒரு நிற மை. சிவப்பு எனக்கு வேண்டாம் என்று நானே விலகிக்கொண்டேன். பச்சையில் திருத்துகிறேன்.

இனி, கசப்பான பகுதி. ஐந்தாம் வாரம் பையனின் அம்மா வந்தார். இரவு வேலை முடிந்து, தூங்காமல் நேரே வந்திருந்தார், கண் சிவந்திருந்தது. "டீச்சர், நீங்களே இப்படிச் செய்யலாமா? அவன் கேமைத் தொட்டாலே நான் அடிக்கிறேன். நீங்க மைலோ கொடுத்து உட்கார வைக்கிறீங்களாம்!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் பாதி உண்மை. விளையாட்டுக்கு அடிமையாகிப் பள்ளியை விட்ட பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். கட்டுப்பாடில்லாமல் விட்டால் அது நேரத்தை விழுங்கும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஒரு மணி நேரம் விளையாடினால் ஒரு பக்கம் எழுதவேண்டும், எழுதாத வாரம் பெட்டிப் பக்கமே போகக்கூடாது என்று நாங்கள் வைத்திருந்த விதியைச் சொன்னேன். பிறகு தடித்த புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்தான். காண்டா பக்கத்தைப் படித்தார். "இது எங்கம்மா சொன்னதா?" என்றார். இன்னும் நாலைந்து பக்கம் புரட்டினார். "இவனுக்கு எழுத வராதுன்னு நீங்கதானே டீச்சர் அன்னைக்குச் சொன்னீங்க?" என்று கேட்டார். நான்காம் ஆண்டுப் பெற்றோர் சந்திப்பில், ஆமாம், நான்தான் சொல்லியிருந்தேன்.

அதனால் அவர் மனம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. மாமாவுக்குக் கார்ப் பட்டறை இருக்கிறது. வருஷக் கடைசியில் பையனை அங்கே சேர்த்துவிடலாம் என்பது வீட்டுப் பேச்சு. பள்ளிக்கு ஒழுங்காகப் போகாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வருஷம் முடியும் வரையாவது பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மைலோவை மட்டும் குடித்துவிட்டுப் போனார். சென்ற மாதம் அவன் நான்கு நாள்தான் பள்ளிக்கு மட்டம் போட்டான் என்று அந்தப் பெண் கணக்கு வைத்திருக்கிறாள். அதற்கு முந்திய மாதம் பதினொன்று.

ஏழு வாரம் முடிந்து இரண்டு வாரம் கூடுதலாகவும் ஆகிவிட்டது. 63 பதிவுகள் தேறியிருக்கின்றன. 1,84,467 கோடி கோடியில் ஒன்பது கோள்கள் முடிந்திருக்கின்றன. கடைசியாக எழுதிய கோளுக்குப் பையன்தான் பெயர் வைத்திருக்கிறான். அவன்தான் முதலில் இறங்கினானாம். பெயர் நாலாங்கட்டை. விளையாட்டில் ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கிறான், புத்தகத்தில் தமிழில். மழை அதிகம். மரம் இல்லை. ஜாகா இரண்டு. ஆட்கள் யாரும் இல்லை. பார்த்தது நான் என்று அடியில் எழுதியிருக்கிறான். நான் அதில் ஒரு எழுத்துப் பிழைதான் திருத்தினேன்.

வாசகர்களிடம் ஓர் உதவி கேட்டு முடிக்கிறேன். அந்த விளையாட்டில் வட்டமான கல் வாசல் ஒன்று வருகிறது. ஒரு பக்கம் நுழைந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் வேறொரு கோளில் இருப்போம். இதற்குச் சொல் அமையவில்லை. ஈப்போக்காரன் ஆங்கிலச் சொல்லையே வைக்கலாம் என்கிறான். பெண் 'மாயவாசல்' என்கிறாள். எனக்கு அது திரைப்படப் பெயர் போலப் படுகிறது. பாட்டி சொல்வது 'குறுக்குப் பாதை'. பெரட்டுக்கு நேரமாகிவிட்டால் லயத்துக்குப் பின்னால் புகுந்து ஓடுவார்களாம், அந்தப் பாதை. உங்கள் தோட்டத்தில் அதற்கு வேறு பெயர் இருந்திருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் எழுதி அனுப்புங்கள். அதுவரை அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.